நாட்டிய ஜிக்ஞாசு

நவராத்திரி நெருங்கும் நாட்களில், மயிலாப்பூர்த் தெரு ஒன்றில் ஏதேனும் ஒரு மாடிப்படியின் அடியில் நின்று, மேலேயிருந்து வரும் தட்டுக்கழியின் ஓசைக்குச் செவிசாய்த்தவாறு, ஏறலாமா வேண்டாமா என்று ஆலோசித்துக்கொண்டிருக்கும் 45 வயதுக் கனவான் ஒருவரை நீங்கள் காண நேர்ந்தால், பெண்ணை அழைத்துப்போக வந்த தகப்பனார் என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். அவர் தாமே பரதநாட்டியம் பயில மார்க்கம் தேடுகிறவர். தேடுவதில் அவருக்கு நிகர் அவரேதான். கிடைத்துவிடுமோ என்பதுதான் அவருடைய பயமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

காலைத் தரையில் தட்டுவது ஒன்று நீங்கலாக, இக்கலையில் அறியத்தக்கவை அனைத்தையும் அவர் அறிந்திருக்கிறார். அபிநய தர்ப்பணம் கூறும் ஒற்றைக் கை முத்திரைகள் 28-ஐயும் வரிசை பிறழாமல் ஒப்பிப்பார். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் கச்சேரி முறையைத் தஞ்சை நால்வர் வகுத்தளித்த வரலாற்றை, பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர் எவராயினும், அவர் கேளாமலே விஸ்தாரமாக எடுத்துரைப்பார். வயதைப் பற்றி யாராவது ஆட்சேபித்தால், 1935-ல் அடையாற்றுப் பிரம்மஞான சபையின் விழாவில் ருக்மிணி தேவி ஆடியபோது அவருக்கு 31 வயது என்பதையும், சதிர் என்றாலே முகம் சுளித்த காலத்தில் வக்கீல் ஈ. கிருஷ்ணய்யர் பெண் வேடமிட்டு மேடையில் ஆடிக் காட்டியதையும் ஆதாரமாக எடுத்து வீசுவார். அந்த அம்மையார் அதற்கு முன்பே பாலே பயின்றவர் என்பதும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் என்பதும் அவருக்குத் தெரியாதவையல்ல. சமயத்தில் ஞாபகத்துக்கு வருவதில்லை, அவ்வளவே. பாலசரஸ்வதி 1925-ல், தமது ஏழாம் வயதிலேயே, காஞ்சிபுரத்தில் அரங்கேறிவிட்டார் என்ற விஷயத்தையோ அவர் பிரஸ்தாபிப்பதே கிடையாது.

புத்தகம் பார்த்துக் கற்கலாமென்று முதலில் முயன்றார். படத்திலுள்ள பாதம் எங்கே இருக்கிறது என்பது தெளிவாகவே தெரிந்தது. அங்கே அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் விளங்கவில்லை. பிறகு நிலைக்கண்ணாடியின் முன் தனியே அப்பியாசம் செய்யத் துணிந்தபோது, கீழ்ப் போர்ஷன் மாமி படியேறி வந்து, "ஆத்துல ஏதாவது இடிக்கறேளா?" என்று அவருடைய மனைவியிடம் வெகு மரியாதையாக விசாரித்தாள். ஆகவே குருமுகமாகத்தான் கற்கவேண்டும் என்ற சாஸ்திர உண்மை ஊர்ஜிதமாயிற்று.

குருவோ 26 வயதுப் பெண். வகுப்பிலிருக்கும் சிறுமியர் அனைவரும் அவளை 'அக்கா' என்றே அழைக்கிறார்கள். தம் மகள் வயதுள்ளவளை அவ்வாறு அழைக்க நாவெழாமல், 'டீச்சர்' என்று சமரசம் செய்துகொண்டார் நம் கனவான். அவளும் அவரை 'சார்' என்கிறாள்; ஒருவரையொருவர் இவ்வளவு பயபக்தியுடன் நடத்தும் குருவும் சிஷ்யரும் வேறெங்கும் இருக்கமாட்டார்கள்.

விஜயதசமியன்று பாடம் ஆரம்பமாயிற்று. குதிகால்கள் சேர்ந்திருக்க, பாதங்கள் இருபுறமும் விலகி நோக்க, முழங்கால்கள் அதே திசையில் மடிய, இடுப்புக்கு மேற்பட்ட தேகம் மாத்திரம் வளையாமல் நிமிர்ந்து நிற்பதாகிய அரைமண்டி, சிறுமியருக்கு விளையாட்டு. நம்மவருடைய முழங்கால்களோ, அடைமழையில் உப்பிய கதவைப் போல, ஓரளவுக்கு மேல் திறக்க மறுத்துவிட்டன. "முழங்காலை வலிய திருப்பாதீங்க சார், இடுப்புப் பூட்டிலேருந்து திரும்பணும்" என்றாள் குரு. அந்த இடத்தில் தமக்கு ஒரு பூட்டு இருக்கும் சங்கதியே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. தட்டடவை முதற்காலத்தில் எப்படியோ சமாளித்தார். இரண்டாம் காலத்தில், வலக்காலை முதலில் எடுப்பதற்குக் காரணம் யாது என்று ஒரு கேள்வி கேட்டு மூச்சு வாங்க அவகாசம் பெற்றார். மூன்றாம் காலத்தில் கேள்வி எதுவும் தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற ஒன்பது வயதுக் குழந்தை, ஆடுவதை நிறுத்தாமலே, "மாமா, நீங்க எண்றீங்க. எண்ணாதீங்க, தட்டுங்க" என்று உபதேசம் செய்தது. குழந்தை ஏனென்று கேளாமல் தட்டுகிறது. ஆண்டு பலவாகக் காரண காரியம் ஆராய்ந்தே வாழ்ந்தவருக்கு அந்த ஒன்றுதான் வரமாட்டேன் என்கிறது.

வகுப்பு முடிந்ததும் குருவின் காலைத் தொட்டு வணங்குவது வழக்கம். இவர் குனிய, "ஐயோ, வேண்டாம் சார்!" என்று அவள் பின்வாங்க, இவர் மேலும் முன்னேற, அன்று அந்தக் கூடத்தில் நிகழ்ந்தவற்றுள் ஒழுங்கான தாளத்துடன் நடந்த அசைவு அதுவே என்று சிறுமியர் அபிப்பிராயப்பட்டார்கள்.

பயன் ஏதுமில்லை என்று நான் சொல்லமாட்டேன். மார்கழிக் கச்சேரிகளில் சிற்றுண்டிச்சாலையே கதியென்றிருந்தவர், இப்போது ஆடுகிறவள் முழுமண்டியில் தாழ்ந்து எழும்போதெல்லாம், தம் முழங்கால்களைப் பற்றிக்கொண்டு "ஆஹா" என்கிறார். அது ரசனையா வேதனையா என்று பிரித்தறிய முடியாவிட்டாலும், முன்பு சாய்ந்து உறங்கிய மனிதர் இன்று நிமிர்ந்து உட்கார்ந்து பார்க்கிறார் என்பது மெய். அத்தகைய கச்சேரி ஒன்றில்தான், மேடையின் ஓரத்தில் சப்பணமிட்டு அமர்ந்து, கையில் தாளத்துடன் ஜதி சொல்லி ஆட்டம் முழுவதையும் நடத்திச் செல்லும் நட்டுவனார் அவருடைய கண்ணில் பட்டார். அடவுகள் யாவும் கரதலப் பாடமானவரே அந்த ஸ்தானத்தில் அமரக்கூடும் என்பதை அவருக்கு எவரும் இன்னும் சொல்லவில்லை. மறுநாள் காலையே மயிலாப்பூர் மாடிப்படிகளில், இம்முறை தயக்கமின்றி, விறுவிறுவென்று ஏறிச் சென்று, "டீச்சர், நட்டுவாங்கம் கற்றுக்கொள்ள அரைமண்டி அவசியமில்லையே?" என்று விசாரித்திருக்கிறார்.