கேள்வி கேட்காத நாகரிகம்

முகத்தில் முடி முளைத்த பெண்ணுக்கு விடிவு தர வந்திருக்கும் லேசர் நிலையக்காரர்களை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூரோடு அவர்கள் நிற்கவில்லை. சுந்தரபாண்டியத்தில் தறிக்குப் பக்கத்தில் கிடக்கும் செல்போன் வரைக்கும் "இனி முடியே முளைக்காது" என்று சேதி அனுப்புகிறார்கள். அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.கூட இந்த அளவுக்குத் தாராளம் காட்டியதில்லை. முடி நீண்ட காலத்துக்குக் குறையும் என்று சொல்லிக்கொள்ளத்தான் அது லேசர் கருவிகளுக்கு இடம் கொடுத்திருக்கிறது. அடியோடு போய்விடும் என்று சொல்ல விட்டதில்லை. அங்கே கிடைக்காத வரம் நம்மூர் பேக்கேஜில் கிடைக்கிறது.

அவர்களுடைய துணிச்சலும் பெரிது. குறிப்பிட்ட அலைநீள ஒளியைக் கண நேரம் பாய்ச்சினால், அதை உறிஞ்சும் நிறப்பொருள் மட்டும் சூடாகும், சுற்றியுள்ள தோல் தப்பிக்கும் என்று 1983-இல் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இரு மருத்துவர்கள் எழுதினார்கள். முடியில் இருக்கும் அந்த நிறப்பொருள் மெலனின். நம் தோலின் கறுப்புக்கும் அதே மெலனின்தான் காரணம், ஒளி அதையும் சுட்டுவிடலாம். அதனால் 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர்தான் கறுத்த தோலுக்கு மற்றவற்றைவிடப் பாதுகாப்பு என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். இந்த வீரர்களுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. இருக்கிற மெஷின் எதுவோ அதுதான் எல்லாருக்கும். முதலில் காதோரம் சின்ன இடத்தில் போட்டுப் பார்ப்பதும் இல்லை. தோல் பொசுங்கிக் கொப்புளம் எழுந்தால்தான் என்ன, பக்கத்திலேயே சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் காஜ் துணி நெய்கிறார்களே!

பொறுமையிலும் குறைவில்லை. முந்தின நாளே மழித்துவிட்டு வரச் சொல்வார்கள். கண்ணுக்கு மூடி, தோலில் சில்லென்று ஜெல். ஒளி விழும் ஒவ்வொரு முறையும் ரப்பர் பேண்டை இழுத்து விட்டாற்போல் சுரீரென்கும், முடி கருகும் வாடை வரும். வளர்ந்துகொண்டிருக்கும் முடிதான் இந்தச் சூட்டுக்கு மடங்கும். ஓய்வில் இருக்கும் முடி அடுத்த மாதம் தலைதூக்கும். ஆகவே ஆறு சிட்டிங், எட்டு சிட்டிங் என்று உறவு நீள்கிறது. பணம் மட்டும் முதல் சிட்டிங்கிலேயே மொத்தமாக வந்துவிட வேண்டும்.

கொடுப்பதிலும் கை சுருங்காதவர்கள். கன்னத்திலும் தாடையிலும் இருக்கும் பூனைமுடியில் சூடு அரைகுறையாகப் பட்டால், சிலருக்கு அது கறுத்துத் தடித்து வளரும். நம்மைப் போன்ற கறுத்த தோல்காரர்களுக்கும் ஹார்மோன் கோளாறு உள்ளவர்களுக்கும் இது கூடுதலாக நேர்கிறது என்பது மருத்துவ உலகம் அறிந்த சேதி. போக்க வந்தவளுக்குச் சேர்த்துக் கொடுத்து அனுப்ப எத்தனை பேருக்கு மனம் வரும்?

எல்லாவற்றுக்கும் மேலாக நான் வியப்பது அவர்களுடைய நாகரிகத்தை. வந்திருப்பவள் இருபது வயதுப் பெண். தாடையில் கெட்டி முடி, கழுத்து மடிப்பில் கறுப்பு, முகமெல்லாம் பரு. "மாதம் தவறாமல் குளிக்கிறாயாம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். பெண்பிள்ளையின் அந்தரங்கத்தில் தலையிடலாமா? சினைப்பையில் நீர்க்கட்டி என்று ஊரில் சொல்லும் பி.சி.ஓ.எஸ். அந்த முடியின் வேராக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் நாளை பிள்ளைப்பேறு தள்ளிப்போகலாம், சர்க்கரை நோயும் வரலாம். ஒரு ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பல சமயம் விஷயத்தைச் சொல்லிவிடும். அதைக் கேட்காமல், எழுதித் தராமல், முடியை மட்டும் சுட்டு அனுப்புகிற கண்ணியம் இருக்கிறதே, அதற்குத் தனியாக ஒரு மாலை போட வேண்டும். உள்ளே சுரப்பு சரியாகாதவரை முடி புதிது புதிதாக முளைக்கும், அவளும் திரும்பத் திரும்ப வருவாள்.

இந்தப் புகழில் பெண் பார்க்க வருபவர்களுக்கும் பங்கு உண்டு. காப்பித் தட்டோடு வருகிறவளின் மேலுதட்டில் நாலு முடி இருப்பதை வாசலிலிருந்தே கண்டுபிடிக்கும் பார்வை அவர்களுக்கு. அவர்கள் இல்லையென்றால் பாதி பேக்கேஜ் விற்காது.

லேசரை நான் குறை சொல்லவில்லை. பக்குவம் தெரிந்த தோல் மருத்துவர் கையில் அது நல்ல கருவி, பல பெண்களின் மனச்சுமையை இறக்கி வைத்த கருவி. தாடையில் முடி தடித்து, மாதவிலக்கும் தள்ளிப் போகிறதா? பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன்பு விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ போய் மகப்பேறு மருத்துவரையும் தோல் மருத்துவரையும் பாருங்கள். லேசர்தான் வேண்டும் என்றால், எந்த லேசர், எத்தனை நானோமீட்டர், கையாளப்போவது யார் என்று கேளுங்கள். பதில் வராத இடத்தில் முகத்தைக் கொடுக்காதீர்கள்.