தோப்புக்குள் ஒரு குதிரை

சிவகிரிக்கு மேற்கே, மலையடிவாரத் தோப்பில் நாலு பேர் துண்டை விரித்து மங்காத்தா போட்டால் அது சூது. ஜீப் வரும், ஆள் ஓடும். ஓட முடியாத கிழவன் மட்டும் சீட்டுக்கட்டோடு மாட்டுவான். மறுநாள் பேப்பரில் ரெண்டு வரிச் செய்தி ஆவான்.

கிண்டியில் பைனாகுலர் பிடித்துக் குதிரைமேல் பணம் கட்டினால் அது திறமை. 1996-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 1974-ல் தமிழ்நாடு போட்ட ரேஸ் ஒழிப்புச் சட்டம் அந்தக் குளம்படியில் நசுங்கிற்று. குதிரையின் வம்சம், ஜாக்கியின் கைவரிசை எல்லாம் ஆராய்ந்து கட்டுகிறார்களாம். எங்கள் பக்கம் எந்தக் கிழமைக்கு எந்த நிறச் சேவல் ஜெயிக்கும் என்று விரல்விட்டுச் சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பாவம், அவர்கள் அறிவுக்குக் கோட்டு இல்லை, வேட்டிதான். கடைசியில் 2024 செப்டம்பரில் கிண்டி மைதானத்துக்கு அரசு சீல் வைத்தது. சூதுக்காகவா? வாடகை பாக்கிக்காக!

கிரிக்கெட்டுக்கு வருவோம். 2015-ல் லோதா குழு, பெட்டிங் விவகாரத்தில் சென்னை அணி உரிமையாளரின் மருமகனுக்கு ஆயுள் தடையும் அணிக்கு ரெண்டு வருஷத் தடையும் விதித்தது. 2018-ல் அணி திரும்பி வந்து கோப்பையைத் தூக்கியது. நாம் விசில் போட்டோம். நானும்தான். தோப்புக் கிழவன் ஜாமீனில் வந்த அன்றைக்கு எவன் விசில் போட்டான்?

அப்புறம் சூது செல்போனுக்குள் குடிவந்தது. 2021-ல் தடைச் சட்டம். ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து. 2022-ல் நீதிபதி சந்துரு குழு, அவசரச் சட்டம், மசோதா. மசோதா நாலு மாதத்துக்கும் மேல் ஆளுநர் மாளிகையில் படுத்துத் தூங்கியது. சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி அனுப்பிய பிறகு, 2023 ஏப்ரலில்தான் கண் விழித்தது. அதே வருஷம் நவம்பரில், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று தீர்ப்பு. நடுவே, கடன்பட்டுத் தூக்கில் தொங்கியவர்களுக்குத் திறமை போதவில்லை போலும்.

தடுக்க முடியாவிட்டால் என்ன, ஒழுங்குபடுத்தலாமே! 2025-ல் விதி வந்தது: நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் கட்டி ஆடக் கூடாது. தாலிக்கொடியை 11.59-க்குள் தோற்றுவிட வேண்டும்; உடம்புக்குத் தூக்கம் முக்கியமில்லையா? கட்டும் பணத்துக்கு அப்போது 28 விழுக்காடு ஜிஎஸ்டி வேறு. வரி வாங்கும்போது மட்டும் திறமையும் சூதும் ஒரே பந்தியில் உட்கார்ந்தன.

ஒரு ஃபேன்டஸி விளையாட்டு நிறுவனத்தின் பேரை இந்திய அணி நெஞ்சிலேயே போட்டுக்கொண்டு ஆடியது. அப்புறம் ஒரு மசோதா: 2025 ஆகஸ்ட் 20-ல் மக்களவை, 21-ல் மாநிலங்களவை, 22-ல் குடியரசுத் தலைவர் கையெழுத்து. மூணே நாளில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் அத்தனைக்கும் தடை! இதற்குத்தானா இத்தனை வருஷம், இத்தனை பிணம்?

எங்கள் தோப்பில் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். அடுத்த ஆட்டத்துக்குமுன் ஒரு குதிரையைக் கொண்டுவந்து தென்னையில் கட்டிவிடுவது. ஜீப் வந்தால் அதைத்தான் முதலில் காட்டுவோம். வாடகைக் குதிரைதான். ஆனால் பாக்கி வைக்க மாட்டோம்.