தொண்ணூறு சதவீத வெற்றி

1944 செப்டம்பரில், நெதர்லாந்தின் ஆர்னெம் பாலத்தைப் பிடிக்கப் போன பிரிட்டனின் முதலாவது வான்வழிப் படைப்பிரிவு அங்கேயே சிதைந்துபோனது. கிளைடர் விமானிகளையும் போலந்துப் படையணியையும் சேர்த்தால் போனவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். ரைன் நதியைக் கடந்து திரும்பியவர்கள் ஏறக்குறைய 2,400. பாலம் கிடைக்கவில்லை. திட்டம் தீட்டிய ஃபீல்டு மார்ஷல் மாண்ட்கோமரி தனக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொண்டார்: தொண்ணூறு சதவீத வெற்றி! மாப்பிள்ளை வரவில்லை, தாலி ஏறவில்லை. ஆனாலும் பந்தி அமோகமாக நடந்தது என்று மீசையை முறுக்கிக்கொள்ளும் கல்யாண வீட்டுக்காரருக்கு இவர் அண்ணன்.

இப்படியொரு வெற்றியை அடைய ஆசைப்படும் வருங்காலத் தளபதிகளுக்காக, ஆர்னெம் மகான்கள் காட்டிய வழியைச் சுருக்கமாகச் சொல்லிவைக்கிறேன்.

முதல் வேலை, கண் தெரிகிறவனை வீட்டுக்கு அனுப்புவது. வான்வழிப் படைகளின் கோர் தளபதி ப்ரௌனிங்கிடம் பிரையன் அர்க்கார்ட் என்ற இளம் உளவு அதிகாரி இருந்தார். ஆர்னெம் பக்கத்தில் ஜெர்மன் டாங்கிகள் நிற்கின்றன என்றார். விமானத்திலிருந்து எடுத்த படங்களைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். தளபதி டாங்கிகளுக்கு வைத்தியம் தேடவில்லை. படம் காட்டியவருக்குத் தேடினார். ராணுவ மருத்துவர் வந்தார், நரம்புத் தளர்ச்சி என்றார், கட்டாய விடுப்பு கொடுத்தார். யதார்த்தவாதி வெகுஜன விரோதி. விடுப்பில் போகாத இரண்டு எஸ்.எஸ். டாங்கிப் பிரிவுகள் ஆர்னெம் அருகிலேயே ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன.

இரண்டாவது, தொழில் தெரியாதவரைத் தலைமையில் உட்கார வைப்பது. முதலாவது வான்வழிப் படைப்பிரிவின் தலைவர் ராய் அர்க்கார்ட் (உளவு அதிகாரி வேறு, இவர் வேறு) தரைப்படையில் பெயர் வாங்கிய வீரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் பாராசூட்டில் குதித்தவரில்லை. விமானம் ஏறினாலே குமட்டும். இறங்கிய பிறகு வயர்லெஸ்கள் ஊமையாகிவிட, நிலவரம் பார்க்க அவரே கிளம்பினார். கடைசியில் ஒரு வீட்டின் பரண்மேல் பதுங்க வேண்டியதாயிற்று. வாசலில் ஜெர்மன் பீரங்கி வண்டி. தலைவர் பரணில் இருக்க, அடுத்த தலைவர் யாரென்று கீழே இரண்டு பிரிகேடியர்களுக்குள் வாக்குவாதம்.

மூன்றாவது, பாலத்தைப் பிடிக்க வேண்டுமா, பாலத்துக்குப் பத்து கிலோமீட்டருக்கும் அப்பால் இறங்குங்கள். அதையும் ஒரே நாளில் செய்துவிடாதீர்கள்; மூன்று நாளுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். எதிரிக்கும் தயாராக நேரம் வேண்டாமா? விமானங்கள் போதவில்லை என்பது காரணம். ஆனால் ப்ரௌனிங்கின் தலைமையகம் முதல் நாளே போர்க்களம் போய்ச் சேர 38 கிளைடர்கள் கிடைத்தன! தன் சீருடையைத் தானே வடிவமைத்துக்கொண்ட கனவான் அவர். சண்டையை நேரில் பார்க்காவிட்டால் எப்படி? அவர் இறங்கியது நைமேகன் பக்கம். அங்கிருந்து ஆர்னெமுக்காக அவரால் ஒரு துரும்பைக்கூட நகர்த்த முடியவில்லை.

ஆர்னெம் பாலத்தின் வடமுனையை எட்டியது லெப்டினன்ட் கர்னல் ஜான் ஃப்ராஸ்ட்டின் கீழ் சுமார் 740 பேர். இரண்டு நாள் தாக்குப்பிடித்தால் போதும், தரைப்படை வந்துவிடும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூன்று பகல், நான்கு இரவு தாக்குப்பிடித்தார்கள். தரைப்படை வரவில்லை. செப்டம்பர் 19 அன்று விமானி டேவிட் லார்ட், எரியும் டகோட்டாவை இரண்டாம் முறை திருப்பி வந்து மிச்சப் பொருட்களையும் போட்டுவிட்டுச் செத்தார். அவர் போட்ட இடம் அதற்குள் ஜெர்மானியர் கையில். அதை அவரிடம் சொல்ல ஆளில்லை.

நான்காவதுதான் முக்கியமான பாடம்: பழி போட ஒரு அந்நியன் கைவசம் இருக்கட்டும். போலந்துப் பாராசூட் படையணியின் ஸ்டானிஸ்வாவ் சோசபோவ்ஸ்கி ஆரம்பத்திலிருந்தே ஜெர்மானியர்களைக் கணக்கில் சேருங்கள் என்று மன்றாடியவர். வார்சாவை மீட்க என்று உருவான படை அது. வார்சா எரிந்துகொண்டிருந்த அதே நாட்களில் அவர்களை ரைனின் தென்கரையில், டிரீலில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். எல்லாம் முடிந்ததும் மாண்ட்கோமரி, போலந்துக்காரர்கள் சரியாகச் சண்டையிடவில்லை என்று லண்டனுக்கு எழுதினார். ப்ரௌனிங்கும் ஒரு குற்றப்பத்திரிகை அனுப்பினார். 1944 டிசம்பரில் சோசபோவ்ஸ்கியின் பதவி பறிபோனது. போருக்குப் பிறகு லண்டனில் தொழிற்சாலைக் கூலியாக உழைத்து 1967இல் இறந்தார். ப்ரௌனிங்? அவர் கண்டிக்குப் போனார், மவுண்ட்பேட்டனின் தலைமை அதிகாரியாக. பிறகு ‘சர்’ பட்டம். பிறகு இளவரசி எலிசபெத்தின் மாளிகை நிர்வாகம்.

பில் டச்சுக்காரர்களுக்குப் போனது. இந்தப் படையெடுப்புக்குத் துணையாக, லண்டனிலிருந்த டச்சு அரசு ரயில் வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தது. ரயில்காரர்கள் நம்பி நிறுத்தினார்கள். ஜெர்மானியர் பழிவாங்க, மேற்கு நெதர்லாந்துக்குப் போகும் உணவைத் தடுத்தனர். அந்தக் குளிர்காலத்தில் மக்கள் டியூலிப் கிழங்கைத் தின்றார்கள். சுமார் 20,000 பேர் செத்தார்கள். இவர்களையெல்லாம் எந்தச் சதவீதத்தில் சேர்த்தீர்கள், மார்ஷல் அவர்களே?

சோசபோவ்ஸ்கிக்கு 2006இல் நெதர்லாந்து வெண்கலச் சிங்க விருது அளித்தது, செத்து 39 வருடம் கழித்து. பழி போட்டவர்கள் யாரும் பதவியிழக்கவில்லை, தண்டனையும் பெறவில்லை. இனி எந்த நாட்டுத் தளபதியாவது, மந்திரியாவது தொண்ணூறு சதவீத வெற்றி என்று மார்தட்டினால் கைதட்டிவிடாதீர்கள். மீதிப் பத்தில் யார் யார் என்று பெயர் கேளுங்கள். ஆர்னெமுக்கான பட்டியல் ஊஸ்டர்பீக் போர்க் கல்லறையில், கல் கல்லாக நிற்கிறது.