நூறு மீட்டர் வாத்து

எங்கள் கீழப்பாவூர் வயலுக்குக் குளம் எப்படியோ, பள்ளிக்கூடக் கண்காட்சிக்குத் தெர்மாகோல் அப்படி. அது இல்லாமல் ஒன்றும் விளையாது. போன முறை ஒரு பள்ளியில் எங்கள் பெரியகுளத்தையே செய்து வைத்திருந்தார்கள். அரை மீட்டர் நீளத்துக்குக் கரை, நீலச் சாயத் தண்ணீர், ஓரத்தில் நரசிம்மர் கோயில், நடுவே ஐந்து சென்டிமீட்டரில் ஒரு பிளாஸ்டிக் வாத்து. சாமான் பாவூர்சத்திரத்துக் கடையில் வாங்கியது, ஒட்டியது அப்பா. மேலே 'கணித மாதிரி' என்று பலகை.

"அளவுத்திட்டம் என்னடே?" என்று பையனைக் கேட்டேன்.

"அது கிராஃப் ஷீட் மூலையில எழுதுறதுல்லா மாமா?"

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கிராஃபுக்கு எட்டு மார்க். மூலையில் அளவுத்திட்டம் எழுத வேண்டும். எழுதுவான், மறப்பான்.

நானே கணக்குப் போட்டேன். கரையை ஒரு கிலோமீட்டர் என்று வைத்தால் மாதிரி 1:2000. அந்தக் கணக்கில் வாத்தின் நீளம் நூறு மீட்டர். அது ஒரு சிறகை விரித்தால் தடுக்க நரசிம்மரின் பதினாறு கையும் போதாது.

வாத்தியாருக்கு இது தெரியாதா? தெரியும். நாடாவும் கயிறும் கொடுத்துப் பிள்ளைகளைக் கரையில் நடக்கவிட அவருக்கும் ஆசைதான். அதற்குள் எமிஸ் தளத்தில் மாணவர் விவரப் பதிவு வந்து உட்கார்ந்துகொள்கிறது. எனக்கு வேறொரு சந்தேகம். பிள்ளைகள் அளக்கப் படித்துவிட்டால் நஷ்டம் யாருக்கு?

நூறு ஏக்கர் குளம் ஒன்றைத் தூர்வாரி ஓர் அடி மண் அள்ளினால் 43,56,000 கன அடி. மூன்று யூனிட் டிப்பரில் 14,520 நடை. பெருக்கலும் வகுத்தலும்தான், பெரிய வித்தை ஒன்றுமில்லை. எத்தனை நடை நடந்தது, எத்தனை நடைக்குப் பில் போனது என்று எண்ண, மடைப் பக்கம் ஒரு பிள்ளை சிலேட்டோடு உட்கார்ந்தால் போதும். உட்கார விடுவார்களா? அரசாங்க வேலைக்கு எம்-புக் என்று ஒரு நோட்டு உண்டு. அளந்ததை அதில் எழுதினால்தான் பணம். அளக்காமலே எழுதிய பக்கங்களைத் தொகுத்தால் நல்ல சிறுகதைத் தொகுதி தேறும்.

நில அளவைப் படமான எஃப்.எம்.பி. நகலை எடுத்துப் பாருங்கள். 1:1000, 1:2000 என்று போட்டிருக்கும். 1:2000 படத்தில் அரை மில்லிமீட்டர் தடிமனாக ஒரு கோடு போட்டால், தரையில் ஒரு மீட்டர். பேனா சற்றுத் தடித்தால் வாய்க்கால் ஒல்லியாகும். குளம் சுருங்கும் கதை இதைவிட மோசம். நீளம், அகலம், ஆழம் மூன்றிலும் பாதி போனாலும் பாதிக் குளம் மிஞ்சும் என்றே ஊர் நம்புகிறது. மிஞ்சுவது எட்டில் ஒரு பங்கு. நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே சட்டம் போட்டாயிற்று; கன அளவுக் கணக்கு மட்டும் இன்னும் ஊருக்கு வந்து சேரவில்லை.

கணக்கு வராத பிள்ளைகள் வளர்ந்து என்ன ஆவார்கள் என்று கவலைப்பட வேண்டாம். 2017 ஏப்ரலில் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க, அமைச்சர் செல்லூர் ராஜு முன்னிலையில் தெர்மாகோல் அட்டைகளை ஒட்டி மிதக்கவிட்டார்கள். ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் அட்டை என்றால், ஒரு சதுர கிலோமீட்டரை மூடவே இருபது லட்சம் அட்டை வேண்டும். அங்கே இருந்த ஒருவரும் போடாத அந்தக் கணக்கைக் காற்று போட்டது. அட்டைகளைக் கரைக்கே திருப்பி அனுப்பியது. நாம் சிரித்தோம். அதே அட்டையை மறுநாள் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தோம்.

ஆள வந்த வெள்ளைக்காரன் முதலில் அளந்தான். 1802-ல் பரங்கிமலைப் பக்கம் சங்கிலி பிடிக்கத் தொடங்கிய லாம்டன், வழியில் குன்று கிடைக்காத இடத்தில் கோபுரத்தின்மேல் கருவியை ஏற்றினான். நம் பிள்ளைகள் தினம் கோபுரத்தைச் சுற்றி விளையாடுகிறார்கள். அதன் நிழலை அளந்து உயரம் சொல் என்று கேட்க ஆளில்லை.

கண்காட்சியில் முதல் பரிசு அந்தக் குளத்துக்குத்தான். கொடுக்க வந்தவர் இந்தப் பக்கம் குளம் தூர்வாரும் ஒப்பந்தக்காரர். குனிந்து வாத்தைத் தடவிப் பார்த்தார்.

"அப்படியே தத்ரூபமா இருக்கு" என்றார்.