ஏலக்காயும் சேதியும் எடை மாறும் விதம்: குரங்கணியை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

ஊரை முதலில் வரையறுத்துவிட வேண்டும். ஆராய்ச்சி மரபு அப்படி. தாமிரபரணிப் பக்கம் முத்துமாலை அம்மன் கோயில் இருக்கும் குரங்கணி வேறு. ராமருடைய குரங்குப் படை அணிவகுத்த இடம் என்று அந்த ஊருக்கு ஒரு கதை உண்டு. நாம் எடுத்துக்கொண்டது போடிநாயக்கனூருக்கு மேலே, தார்ச்சாலை "இனி உங்க பாடு" என்று நின்றுவிடும் குரங்கணி. இதற்குக் கதையே தேவையில்லை. படை இன்றைக்கும் டீக்கடைக்கு எதிரே முகாம் போட்டிருக்கிறது. என் பருப்பு வடை ஒன்றை அது கைப்பற்றிய விவரத்தை இங்கே விரிக்கவில்லை.

ஆய்வுக் கருவிகள்: ஒரு நோட்டு, ஒரு அளவுநாடா, டீக்கடை பெஞ்சு. பெஞ்சின் நீளம் ஐந்தடி நாலு அங்குலம். அதை ஏன் அளந்தேன் என்று கேட்கக்கூடாது. எண் இல்லாத கட்டுரையை ஆய்வு என்று யாரும் ஒத்துக்கொள்வதில்லை. அளவுநாடாவை மட்டும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

இனி மூல விதி. போடிக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை: ஐந்து கிலோ பச்சை ஏலக்காயை ஸ்டோரில் போட்டுக் காயவைத்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான் மிஞ்சும். ஏலக்காய் மலையிலிருந்து இறங்கி எடை குறையும் சரக்கு. சேதியோ மலையேறி எடை கூடும் சரக்கு. காலை பஸ்ஸில் வந்தவர் "கொட்டகுடிப் பக்கம் ஒரு காட்டுமாடு நின்னுச்சு" என்றார். டீக்கடையில் அது இரண்டானது. கோவேறு கழுதையின் முதுகில் அரிசி மூட்டையோடு ஏறிய அதே சேதி, நான் பின்னால் விசாரித்துப் போனபோது, சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற மலைக்கிராமத்தில் கன்றோடு சேர்த்து ஐந்தாக மேய்ந்துகொண்டிருந்தது. ஒன்றுக்கு ஐந்து. விகிதம் அதேதான், திசை மட்டும் மாறிவிட்டது.

ஸ்டேஷன் என்றதும் ஒரு விளக்கம். வெளியூர்க்காரர் பத்துப் பேரில் ஒருவராவது "சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு ரயில் எத்தனை மணிக்கு?" என்று கேட்டுவிடுகிறார். கடைக்காரர் சிரிக்காமல் "இப்பத்தான் போச்சு" என்பார். வெள்ளைக்காரன் காலத்தில் மூணாறுத் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே டாப் ஸ்டேஷனுக்கு வரும். அதற்கு 1902இல் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். 1908இல் அதைச் சிறு ரயிலாக மாற்றினார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து பெட்டிகள் கம்பிவழியே ஐந்து கிலோமீட்டர் இறங்கி, கொட்டகுடியில் மாட்டுவண்டி ஏறி போடிக்குப் போகும். 1924 பெருவெள்ளம் மேலிருந்த ரயிலை வாரிக்கொண்டு போனது. பெயரை அதனால் அசைக்க முடியவில்லை. போடிக்கே அகலப்பாதை வேலை என்று 2010 கடைசியிலிருந்து 2023 ஜூன் வரை ரயில் கிடையாது. மலைமேல் ஸ்டேஷன்களோ நூறு வருஷமாக ரயில் இல்லாமலே குறையொன்றுமின்றி நடக்கின்றன.

அடுத்து, விருந்தாளி வகைப்பாடு. போடியில் ஏலக்காயைச் சல்லடையில் சலித்து, எட்டு மில்லிமீட்டர் காய்க்குத் தனி மரியாதை தருவார்கள். டீக்கடையிலும் ஒரு சல்லடை உண்டு. அதன் ஓட்டை ஒரே கேள்வி: "எங்கிட்டிருந்து வர்றீக?" அயர்லாந்தில் ஆளைப் பார்த்ததும் "என்ன கதை?" என்பதுதான் நலம் விசாரிப்பு என்பார்கள். அங்கே கதையைக் கேட்கிறார்கள். இங்கே ஊரை மட்டும் கேட்டுக்கொண்டு கதையைத் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள். 'மைனா' படம் 2010இல் வந்தபிறகு, படம் எடுத்த இடத்தைப் பார்க்க வந்தவர்கள் ஒரு ரகம். சாம்பலாற்றுப் பாதைக்கு வனத்துறையில் முன்பதிவு செய்து, புது ஷூவோடு வருபவர்கள் இன்னொரு ரகம். எந்த ஓட்டையிலும் விழாமல் மேலே தங்கிவிடுபவரைத்தான் ஊர் கவனித்துப் பார்க்கும்.

சேதி எடை கூடும் விதியில் 2018 மார்ச் 11ஐச் சேர்க்கவில்லை. அன்று காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக்காரர்களைப் பற்றி டீக்கடையில் யாரும் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் மெதுவாகப் பதில் வந்தது. பிறகு பாய்லரின் சத்தம்தான்.

மூன்றாம் நாள் நானே மலையேறினேன். ஜீப்பில் ஏறாமல் நடந்தது பிழை. வழியில் இரண்டு கழுதைகளும் ஒரு பாட்டரி டார்ச்சு விற்பவரும் என்னைத் தாண்டிப் போனார்கள். அதாவது சேதி எனக்கு முன்னால் போய்விட்டது. குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ரோடு வேண்டும் என்பது இந்தப் பக்கத்தாரின் நெடுநாள் கோரிக்கை என்பது எனக்குத் தெரியும். ஒரு ஆள் மூன்று நாளாகக் கையில் நாடாவோடு டீக்கடையில் உட்கார்ந்து நோட்டில் எழுதினால் ஊர் அதை எதோடு முடிச்சுப் போடும் என்பதைத்தான் நான் யோசிக்கவில்லை.

சென்ட்ரல் ஸ்டேஷனில் முதல் வீட்டு வாசலிலேயே ஒரு பாட்டி பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கேட்காமலே கட்டஞ்சாயா வந்தது, ஏலக்காய் தட்டிப் போட்டு. பக்கத்து வீட்டிலிருந்து நாலைந்து பேர் வந்து மரியாதையான தூரத்தில் நின்றார்கள். பாட்டி என் பையிலிருந்து எட்டிப்பார்த்த நாடாவை ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக் கேட்டார்:

"சார், ரோடு நம்ம வீட்டுக்கு மேல போகுதா, கீழ போகுதா? கீழன்னா சொல்லிருங்க. கோழிக்கூட்டை இப்பவே தள்ளி வச்சுர்றேன்."