மிச்சமான பத்து நிமிடம்

"உனக்குன்னு கொஞ்சம் நேரம் ஒதுக்கிக்கம்மா" என்றார் வீட்டுக்காரர், பெருந்தன்மையாக, சோபாவிலிருந்தபடி. எங்கே ஒதுக்க? ஐந்து மணிக்குப் பால், மூன்றாவது விசிலுக்குள் மகளுக்குப் பின்னல், அப்புறம் மின்சார ரயில். (அதில் உட்கார இடம் கிடைத்துக் கீரை ஆய்ந்தால் அதுவே ஓய்வு.) மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றுதான் ஆறுதல். சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் 2019இல் நாளுக்கு 299 நிமிடம் உழைத்தார்கள், 2024இல் 289. பத்து நிமிடம் மிச்சம்! ஆண்கள் வாங்கிக்கொண்டார்களோ என்று பார்த்தால், அவர்கள் கணக்கும் 97இலிருந்து 88க்கு இறங்கியிருக்கிறது. போகட்டும். என் பத்து நிமிடத்தைக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டு அனுபவிக்கப் போனேன். இரண்டாம் நிமிடம் கதவு தட்டப்பட்டது. "என் சாக்ஸ் எங்கம்மா?"

கேட்டது மகளல்ல.