குமராட்சி வட்டாரத்தில் தொலைநுழைவு: ரூட்டர் அமைப்பின் சோழர்காலத் தோற்றுவாய் குறித்து ஓர் ஆய்வு

அலுவலகக் கணினியை வேறோர் ஊரில் உட்கார்ந்தபடி திறக்கும் கலை மேனாட்டில் பிறந்தது என்றே கணினி நூல்கள் கூறிவருகின்றன. அவற்றை எழுதியவர்களில் ஒருவரும் சிதம்பரத்தில் பஸ் ஏறி, குமராட்சி வழியாகக் காட்டுமன்னார்கோயில் வரை வந்ததாகத் தெரியவில்லை. வந்திருந்தால் அந்தத் தடத்தை ஒட்டிய திருநாரையூரையும், அங்குள்ள பொல்லாப் பிள்ளையாரையும், அவருக்குப் பூசை செய்த குலத்தில் வந்த நம்பியாண்டார் நம்பியையும் விட்டுவிட்டு வரலாறு எழுதத் துணிந்திருக்க மாட்டார்கள். ரூட்டர் அமைப்பில் இன்று எழும் எல்லாச் சிக்கல்களும் இந்த வட்டாரத்தில் சோழர் காலத்திலேயே எழுந்து, பெரும்பாலானவை தீர்க்கவும்பட்டன என்பதே இக்கட்டுரையின் துணிபு.

முதலில் சிக்கல் என்னவென்று பார்த்துவிடலாம். குமராட்சியில் ஓர் உரக்கடை. கணக்கு முழுவதும் கடைக் கணினியில், டேலியில் கிடக்கிறது. முதலாளி சிதம்பரத்து வீட்டிலிருந்தே யூரியா இருப்பைப் பார்க்க விரும்புகிறார். கணினியின் முகவரி 192.168.1.20 என்று கடைப் பையன் போனில் சொல்கிறான். அதே முகவரியில் கடலூரில் ஒரு கணினி இருக்கும், பண்ருட்டியில் இன்னொன்று இருக்கும். 1996இல் எழுதப்பட்ட விதிப்படி அது கடைச் சுவருக்குள் மட்டுமே செல்லுபடியாகும் முகவரி. வெளியுலகுக்குத் தெரிவது ரூட்டரின் முகவரி ஒன்றுதான். உள்ளேயிருந்து யார் எதைக் கேட்டார்கள் என்பதை ரூட்டர் குறித்து வைத்துக்கொண்டு, பதில் வந்ததும் கேட்டவரிடம் சேர்த்துவிடும். யாரும் கேட்காமல் வெளியிலிருந்து வந்து கதவைத் தட்டுவதை வாசலோடு அனுப்பிவிடும். ஆகவே கேபிள் இழுப்பவரிடம் இதற்குத் தீர்வு கிடையாது. வாசலில் நிற்பவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்பதே கேள்வி.

இனிச் சான்றுக்கு வருவோம். உமாபதி சிவாசாரியார் பெயரில் வழங்கும் திருமுறைகண்ட புராணத்தின்படி, தேவார மூவரின் பாடல்களைத் தேடிய சோழ மன்னன் திருநாரையூருக்கு வந்து நம்பியை வேண்டுகிறான். மன்னன் முதலாம் இராசராசன்தானா என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு உண்டு. நமக்கு அது முக்கியமில்லை, உரக்கடை முதலாளி யாராக இருந்தாலும் ரூட்டர் ஒன்றுதான். நம்பி பிள்ளையாரைக் கேட்கிறார். சுவடிகள் தில்லைப் பொன்னம்பலத்தின் மேற்புறத்து அறையில், மூவரின் கையடையாளம் இட்டுப் பூட்டப்பட்டிருக்கின்றன என்ற தகவல் கிடைக்கிறது. கரண்ட் போய் வரும்போதெல்லாம் முகவரி மாறிவிடுகிற ரூட்டர்களுக்காக இன்று டைனமிக் டிஎன்எஸ் என்றொரு சேவை நடத்துகிறார்கள்; பெயரைச் சொன்னால் பொருள் இப்போது எங்கிருக்கிறது என்று அது சொல்லும். பிள்ளையார் செய்ததும் அதுவே, அதுவும் ஆண்டுச் சந்தா இல்லாமல். மன்னன் தில்லைக்குப் போனதும் தீட்சிதர்கள் மறித்தார்கள்: பூட்டியவர்கள் மூவரும் வந்தால்தான் அறை திறக்கும். கேட்பவன் நாடாளும் மன்னன் என்பதற்காகக் காவல்விதி தளரவில்லை. அட்மின் என்ற பயனர்பெயருக்கு அட்மின் என்றே பாஸ்வேர்டு வைத்துவிட்டு நிம்மதியாக உறங்கும் நம் காலத்தோடு இதை ஒப்பிடவே கூச்சமாக இருக்கிறது.

மன்னன் மூவரின் திருவுருவங்களை எழுந்தருளச் செய்தான், கதவு திறந்தது. சிலையைக் காட்டி உள்ளே போவது காவலின் ஓட்டையல்லவா என்று பாதுகாப்பு வல்லுநர்கள் கேட்கக்கூடும். இல்லை. இன்றைய விபிஎன் முறையிலும் முதலாளி நேரில் வந்து நிற்பதில்லை. அவருடைய ரகசியச் சாவி வருகிறது, முன்பே நம்பி ஏற்ற சாவி என்பதால் ரூட்டர் வழிவிடுகிறது. கூத்தன் திருமேனியைக் கூத்தனாகவே கண்டு பூசிப்பவர்கள் மூவர் திருமேனியை மட்டும் மூவர் அல்ல என்று சொல்ல முடியாது. நம்பிக்கையின் வேர் ஒன்றாக இருந்தால் சான்றிதழை மறுக்க இயலாது என்னும் நெறி இங்கே பழுதின்றிக் கடைப்பிடிக்கப்பட்டுள்ளது.

மன்னன்தான் நேரில் போய்விட்டானே, இதில் தொலைநுழைவு எங்கே என்பது அடுத்த தடை. எந்த ரூட்டரையும் முதல் தடவை யாராவது பக்கத்தில் போய் உட்கார்ந்துதான் அமைக்க வேண்டும். கணினிக்கு மாறாத உள்முகவரி ஒதுக்குவதும், விண்டோஸ் ஹோம் பதிப்பில் ரிமோட் டெஸ்க்டாப் ஏற்கும் வசதி இல்லை என்பதைக் கண்டு தலையில் கைவைப்பதும் கடையிலேயே நடக்க வேண்டிய சடங்குகள். ரூட்டரின் வெளிமுகவரி 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்குகிறதா என்று பார்ப்பதும் அங்கேதான். அப்படித் தொடங்கினால், இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொதுமுகவரிக்குப் பின்னால் உட்கார வைத்திருக்கிறது என்று பொருள். நம் வாசலுக்கு வெளியே நாம் தொட முடியாத இன்னொரு வாசல் இருக்கிறது. கட்டணம் கட்டி நிலையான முகவரி வாங்க வேண்டும், இல்லையேல் கடைக் கணினியே வெளியே உள்ள ஓர் இடைநிலையத்தோடு முந்திக்கொண்டு தொடர்பு பிடித்து வைத்திருக்க வேண்டும்.

தொன்மத்தை வரலாறாக்குகிறீர்கள் என்ற தடையே கனமானது. இராசராசனுக்கு முந்தைய கல்வெட்டுகளிலேயே கோயில்களில் திருப்பதியம் பாடியோர்க்கு நிவந்தம் விட்ட செய்தி உண்டு. ஆகவே பாடல்கள் அறவே மறைந்திருக்க முடியாது என்பார்கள். உண்மைதான். ஆனால் அது நம் கட்சிக்கே வலுச் சேர்க்கிறது. மூலம் பூட்டிய அறையில் கிடக்க, படி ஓதுவார் நாவில் ஊர் ஊராகப் புழங்கியது என்றால் அதற்குத்தான் பேக்கப் என்று பெயர். அது எவ்வளவு தேவைப்பட்டது என்பதை அறைக்குள் இருந்த செல் காட்டியது. மரபுக் கணக்குப்படி லட்சத்துக்கு மேற்பட்ட பதிகங்கள். மிஞ்சியவை ஏறத்தாழ 800. வேண்டுவன மட்டுமே வைத்தோம் என்று அசரீரி ஆறுதல் சொன்னது. கணினியில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்பவர்கள் அந்த ஆறுதலையும் சொல்வதில்லை. கிடைத்த கோப்பைத் திறப்பதிலும் தொல்லை இருந்தது. பண் தெரியவில்லை, அதே கடலூர் மாவட்டத்து எருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. வானவில் எழுத்துரு இல்லாத கணினியில் பழைய அலுவலகக் கடிதத்தைத் திறந்து பார்த்தவர்களுக்கு மேல்விளக்கம் வேண்டாம்.

வைணவத் தரப்பின் தடை ஒன்று மிச்சமிருக்கிறது. நம்பிக்கு முன்பே, இதே சாலையின் மறுமுனையான காட்டுமன்னார்கோயிலில், வந்தவர்கள் பாடிய பத்துப் பாசுரங்களைக் கேட்டு மீதியைத் தேடிப் புறப்பட்டவர் நாதமுனிகள். ஆழ்வார்திருநகரிப் புளியமரத்தடியில் ‘கண்ணிநுண் சிறுத்தாம்பு’ பதிகத்தை 12,000 முறை ஓதினார். ஆயிரம் கேட்டவருக்கு நாலாயிரமும் கிடைத்தது. கால முன்மையை மறுக்க வழியில்லை. எனினும் முறையியல் நோக்கில் இது வாசலை விரியத் திறந்து வைத்த அமைப்பு: முயற்சிக்கு வரம்பில்லை, கேட்டதற்கு மேலும் அனுமதி. ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389ஆம் போர்ட்டை ரூட்டரில் நேராகத் திறந்துவிடும் உரக்கடைக்கும் இதே நிலைதான். ஆனால் அங்கே ஓத வருபவர்கள் நாதமுனிகள் அல்லர், ஓயாமல் பாஸ்வேர்டு அடித்துப் பார்க்கும் நிரல்கள். எண்ணை 3390 என்று மாற்றுவதால் அவை வழி தவறிவிடப் போவதுமில்லை. 2019இல் இந்த வசதியில் வெளிப்பட்ட ஓட்டை ஒன்றுக்காக, கைவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட நேர்ந்தது. போர்ட்டை மூடிவிட்டு விபிஎன் வழியாகப் போவதே தில்லை முறை. விண்டோஸ் 11இன் 2022 பதிப்பைப் புதிதாக நிறுவினால், பத்து முறை தவறியதும் கணக்கு பத்து நிமிடம் பூட்டிக்கொள்ளும். அந்தக் கணக்கில் 12,000 தவறுகளுக்குப் பூட்டு மட்டுமே ஏறத்தாழ எட்டு நாள், எட்டு மணி நேரம் ஆகும். நாதமுனிகள் காத்திருப்பார். நிரல்களும் காத்திருக்கும் என்பதால், அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் நம்பி 3389ஐத் திறந்து வைக்கலாம் என்போர் கட்சியை இக்கட்டுரை ஏற்கவில்லை.